பற்றரியில் இயங்கும் ஆளிருப்பு உணரி: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டின் சாமி அறையில் நான் முதலில் பொருத்தியது சாதாரண அசைவு உணரி. அம்மா விளக்கேற்றிவிட்டுப் பாயில் அமர்ந்து, கண்ணை மூடித் தேவாரம் பாடத் தொடங்கினால், இரண்டாம் பாட்டு முடிவதற்குள் மின்குமிழ் அணைந்துவிடும். "தம்பி, லைற் நூர்ந்து போச்சு" என்று கூப்பிட்டபடி அவர் கையை வீசினால் மீண்டும் எரியும். அசைவை மட்டும் அறியும் கருவிக்கு, ஆள் அசையாதிருப்பதும் ஆள் இல்லாதிருப்பதும் ஒன்றே. அந்த வேறுபாட்டை அறிவதற்காக வந்ததுதான் ஆளிருப்பு உணரி. அமர்ந்திருப்பவரின் நெஞ்சு மூச்சுக்கு ஏறி இறங்கும் மில்லிமீற்றர் அளவிலான அசைவையும் அது காணும்.

இத்தகைய உணரிகள் நீண்ட காலம் மின்கம்பி இணைப்புடனேயே கிடைத்தன. அண்மைக் காலத்தில்தான் பற்றரியில் இயங்குபவை பரவலாக வரத் தொடங்கியுள்ளன. சுவரின் நடுவிலோ மூலையின் உயரத்திலோ பிளக் வசதி இல்லாத எங்கள் பழைய வீடுகளுக்கு இது பெரிய வரம். கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய தடித்த சுவரை உடைத்து வயர் இழுக்கத் தேவையில்லை. ஆனால் பற்றரியில் இயங்குவதனாலேயே இதனைப் பொருத்துவதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை அறியாமல் வைத்தால், சில ஆண்டுகள் நிற்க வேண்டிய பற்றரி சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது: இது தூங்கும் கருவி

மூச்சின் அசைவைக் காண்பது இந்த உணரிக்குள் இருக்கும் மில்லிமீற்றர் அலை ராடர்; ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு அசைவை அறியும் பகுதி அது. அது தொடர்ந்து இயங்குவதற்கு நிறைய மின் வேண்டும். சொந்தமாகக் கருவி செய்வோர் அதிகம் பயன்படுத்தும் ஹை-லிங்க் எல்.டி. 2410 என்ற சிறிய ராடர் பலகையே ஏறத்தாழ 80 மில்லி அம்பியர் எடுக்கும். பொத்தான் வடிவச் சி.ஆர். 2450 பற்றரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 600 மில்லி அம்பியர் மணித்தியாலம். இரண்டைச் சேர்த்து 1200 என்று கொண்டாலும், அந்த ராடரை அது 15 மணித்தியாலத்துக்கு மேல் இயக்காது. உண்மையில் அவ்வளவு மின்னோட்டத்தை இத்தகைய பற்றரியால் தொடர்ந்து கொடுக்கவே முடியாது. அதே இரண்டு பற்றரிகள் இரண்டு ஆண்டுகள் நிற்க வேண்டுமானால், கருவி சராசரியாக எடுக்கக்கூடியது 0.07 மில்லி அம்பியருக்கும் குறைவு. இவ்விரு எண்களுக்கும் இடையில் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது தூக்கம். பி.ஐ.ஆர். எனப்படும் வெப்பக்கதிர் உணரி மிகச் சொற்ப மின்னில் எப்போதும் விழித்திருக்கும். அறைக்குள் ஒருவர் நுழைந்ததும் அவருடைய உடல் வெப்பம் அதன் முன்னுள்ள வில்லையின் (லென்ஸ்) பிரிவுகளைக் கடக்கும் மாற்றத்தை அது கண்டு, ராடரை எழுப்பும். ராடர் விட்டு விட்டுத் துடித்து, ஆள் இன்னும் இருக்கிறாரா என்று பார்க்கும். இல்லை என்று உறுதியானதும் மீண்டும் உறங்கும். அகாரா நிறுவனம் 2025இல் வெளியிட்ட எஃப்.பி. 300 இந்த வகையைச் சேர்ந்தது: பி.ஐ.ஆர். உணரியும் 60 கிகாஹேர்ட்ஸ் ராடரும் சேர்ந்து இரண்டு சி.ஆர். 2450 பற்றரிகளில் இயங்குகின்றன. ஆகவே இனி வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி ஒன்றுதான்: ஆள் இல்லாதபோது இந்த ராடரை உறங்கவிடாமல் எது எழுப்புகிறது?

படி 1: அறையைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நாளில் சில தடவைகள் மட்டும் ஆள் வந்து, வந்தவர் அசையாமல் இருக்கக்கூடிய அறையே இதற்கு மிகப் பொருத்தமானது. சாமி அறை, படிப்பறை, குளியலறை, விருந்தினர் அறை ஆகியவை அத்தகையவை. நாள் முழுவதும் ஆட்கள் இருக்கும் விறாந்தையிலும் குசினியிலும் ராடருக்கு உறக்கமே கிடைக்காது; அங்கே மின்கம்பி இணைப்புள்ள உணரியை வைப்பதே சரி. ஒழுங்கையை நோக்கிய கேற்றடியிலும் முற்றத்திலும் இதனை வைக்கக் கூடாது. வெயில், மழை, ஆடும் தென்னோலை, உலாவும் நாய் பூனை எல்லாம் சேர்ந்து அதனைக் கெடுத்துவிடும்.

படி 2: வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெட்டியில் "ஆளிருப்பு" என்ற பொருள்படும் சொல் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே ராடர் உள்ளதா, பி.ஐ.ஆர். மட்டும்தானா என்பதைத் தொழில்நுட்ப விபரத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அடுத்தது பற்றரியின் இலக்கம். சி.ஆர். 2032 மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும், சி.ஆர். 2450 வேண்டி நான் யாழ். நகரில் நான்கு கடை ஏறியிருக்கிறேன். ஆகவே உணரியை வாங்கும்போதே ஒரு மாற்றுச் சோடியையும் வாங்கி வைப்பது நல்லது. பற்றரி உறையில் அச்சிட்டுள்ள திகதியையும் பார்க்க வேண்டும்.

தொடர்பு முறையில் சிக்பீ, த்ரெட் என்ற இரண்டுமே இத்தகைய உணரிகளில் வழக்கம். சிலவற்றில் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த மின் வலையமைப்புகளே. ஏற்கெனவே சிக்பீ ஹப், அதாவது உணரிகளையும் மின்குமிழ்களையும் ஒன்றாக இணைத்து இயக்கும் மையக் கருவி, உள்ள வீட்டில் சிக்பீயையே தெரிவுசெய்வது என் பரிந்துரை. வைபையில் நேரடியாக இணையும் பற்றரி உணரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ரவுட்டருடன் தொடர்பு ஏற்படுத்துவதற்கே அதற்கு அதிக மின் செலவாகும்.

படி 3: மின்தடைக்கு முன்கூட்டியே ஆயத்தம்

இந்தப் படியை வெளிநாட்டு வழிகாட்டிகளில் காண முடியாது. எங்களுக்கோ இது மிக முக்கியம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும், திருத்த வேலைக்கான மின்தடையும் மாரியில் காற்று மழைக்கு நின்றுபோகும் மின்சாரமும் தொடரத்தான் செய்கின்றன.

மின்சாரம் நின்றால் பற்றரி உணரி உயிருடன் இருக்கும். ஆனால் அது பேச வேண்டிய ஹப்பும் ரவுட்டரும் இறந்துவிடும். தீங்கு அதோடு நிற்பதில்லை. சிக்பீ வலையமைப்பில் பற்றரிக் கருவி ஒவ்வொன்றும் ஒரு தாய்க்கருவியைப் பற்றிக்கொண்டுதான் வாழும். அந்தத் தாய், ஹப்பாகவோ மின்சாரத்தில் இயங்கும் ஸ்மார்ட் பிளக்காகவோ மின்குமிழாகவோ இருக்கலாம். தாய் மறைந்ததும் உணரி வேறொரு தாயைத் தேடத் தொடங்கும். அந்தத் தேடல் முழுவதும் பற்றரியின் செலவில் நடப்பது.

ஆகவே ஹப்புக்கும் ரவுட்டருக்கும் 5, 9, 12 வோல்ற் வெளியீடுகள் கொண்ட சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வைக்க வேண்டும். வீட்டில் இன்வேட்டர் இருந்தால், உணரிக்கு அண்மையில் உள்ள ஒரு ஸ்மார்ட் பிளக்காவது அந்த இன்வேட்டர் இணைப்பில் இருக்கட்டும். சுவர் ஆளியில் அடிக்கடி அணைக்கப்படும் ஸ்மார்ட் மின்குமிழைத் தாய்க்கருவியாக நம்பக் கூடாது. வெளியே போகும்போது எல்லா ஆளிகளையும் அணைத்துவிட்டுப் போவது எங்கள் வீடுகளில் ஊறிய பழக்கம், அது நல்ல பழக்கமும்கூட.

ஹப்புக்குப் பதிலாகக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற வீட்டுத் தன்னியக்க மென்பொருளையும், அதில் செருகும் யூ.எஸ்.பி. சிக்பீ டொங்கிளையும் பயன்படுத்துவோர், அந்த டொங்கிளை ஒரு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. நீட்சி வயரில் இணைத்துக் கணினியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 துறைகள் 2.4 கிகாஹேர்ட்ஸில் ரேடியோ இரைச்சலை எழுப்பி, சிக்பீத் தொடர்பைக் குலைப்பவை. தொடர்பு நலிந்தால் உணரி ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதுவும் பற்றரிக்குக் கேடு.

படி 4: இணைத்தல்

புதிய பற்றரியைப் போட்டு, உணரி நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே அதனை வைத்துக்கொண்டு இணைப்பது நல்லது. ஹப்புக்குப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோனால், சில கருவிகள் பழைய தாயையே பிடித்துக்கொண்டு தடுமாறும். மென்பொருள் மேம்படுத்தல் இருந்தால் அதனை இந்த நேரத்திலேயே முடித்துவிடலாம். மேம்படுத்தலின்போது கருவி நீண்ட நேரம் விழித்திருக்கும். அரைகுறைப் பற்றரியுடன் அதனைத் தொடங்கக் கூடாது.

படி 5: பொருத்தும் இடம்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பி.ஐ.ஆர். தனக்குக் குறுக்காக நடப்பவரை நன்றாகக் காணும். ராடர் தன்னை நோக்கி வரும் அல்லது விலகும் அசைவையே நன்றாகக் காணும். இரண்டுக்கும் இசைவான இடம் அறையின் மூலை. தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் உயரத்தில், கதவால் நுழைபவர் குறுக்கே வருமாறும், வழக்கமாக அமரும் இடம் நேரெதிரே அமையுமாறும் பார்க்க வேண்டும். சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசிப்பவரின் நெஞ்சுப் பக்கம் உணரிக்குத் தெரிய வேண்டும். கதிரையின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் மூச்சின் அசைவு மங்கிவிடும்.

எங்கள் வீடுகளில் இதற்கு முதல் எதிரி மேல்விசிறி. சுழலும் தட்டுகளை ராடர் ஓயாத அசைவாகவே காணும். என் படிப்பறையில் உணரியை இரண்டரை மீற்றர் உயரத்தில், விசிறிக்கு நேராக வைத்திருந்தேன். விசிறியை அணைக்காமல் நான் வெளியே போன நாட்களில் அறை "ஆள் உண்டு" என்றே காட்டிக்கொண்டிருந்தது. ராடர் உறங்கவே இல்லை. ஏழாவது வாரம் பற்றரி தீர்ந்தது. அதனை ஒன்றரை மீற்றருக்கு இறக்கி, முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரித்து, கண்டறியும் தூரத்தை நான்கு மீற்றராகக் குறைத்த பின் அந்தப் பிரச்சினை நின்றது. சில உணரிகளில் ஆளில்லாத அறையின் நிலையைக் கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. அதனைச் செய்யும்போது விசிறியைச் சுழலவிட்டு, அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

அடுத்தது யன்னல். வைகாசியில் சோளகம் எழுந்தால் யன்னற் சீலை நாள் முழுவதும் அலையும். ராடர் அதையும் ஆளென்று எண்ணக்கூடும். யன்னலால் விழும் வெயிலில் சூடேறும் சீமெந்துத் தரையும், அதன்மேல் முகில் மறைத்து விலகும்போது உண்டாகும் மாற்றமும் பி.ஐ.ஆரைத் தூண்டும். ஆகவே யன்னலை நோக்கி வைக்காமல், யன்னல் உள்ள சுவரிலேயே உள்நோக்கி வைப்பது பாதுகாப்பு.

வெப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பி.ஐ.ஆர். காண்பது உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். சித்திரை மாதத்து மதியத்தில் ஓட்டுக்கூரையின் கீழ் அறையும் அதே அளவுக்குச் சூடாகிவிடும். அவ்வேளையில் பி.ஐ.ஆர். நுழைபவரைக் காணத் தாமதிக்கலாம். இது பழுதன்று, உணரியைக் கதவுக்கு இன்னும் அண்மையாக வைப்பதே இதற்கு மருந்து.

ராடர் அலை துணியையும் மெல்லிய பலகையையும் கண்ணாடியையும் ஊடுருவும். நுளம்பு வலைக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவரை பி.ஐ.ஆர். தவறவிட்டாலும் ராடர் காண்பது இதனால்தான். அதே காரணத்தால், அறைகளைப் பலகை கொண்டு மறித்துள்ள வீட்டில் பக்கத்து அறையில் நடப்பவரும் சிக்குவார். தடித்த கற்சுவர் இந்த விடயத்தில் எங்களுக்கு உதவி.

ஒட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்பு அடித்த சுவரில் இருபக்க ஒட்டுநாடா நிற்காது. நாடா சுவரை விட்டு வராது, சுண்ணாம்புதான் நாடாவுடன் பெயர்ந்து வரும். உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றைச் சுவரில் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் ஒட்டுவதே நிலைக்கும். மின்குமிழுக்குக் கிட்ட வைக்கக் கூடாது. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி வில்லையின் மேல் ஊர்ந்தால் உணரி விழித்துக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால், பேயைத் தேடும் முன் வில்லையில் பல்லியின் தடம் உள்ளதா என்று பார்க்கவும்.

படி 6: அமைப்புகள்

உணரியின் "ஆளில்லை" என்ற முடிவுக்கான தாமதத்தை 30 செக்கன் போலக் குறைவாக வைத்து, மின்குமிழை அணைப்பதற்கான மேலதிகத் தாமதத்தை ஹப்பின் மென்பொருளில் வைப்பதே சிறந்தது. உணரி விரைவில் உறங்கப் போய்விடும். காத்திருக்கும் வேலையை மின்சாரத்தில் இயங்கும் ஹப் செய்யும். படிப்பறைக்கு மூன்று நிமிடமும், குளியலறைக்கு ஐந்து நிமிடமும், சாமி அறைக்குப் பத்து நிமிடமும் ஹப்பில் வைத்திருக்கிறேன்.

ராடரின் நுண்ணுணர்வை உச்சத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு இடங்கொடாமல், நடுநிலையில் தொடங்கி, அமர்ந்திருப்பவரைத் தவறவிட்டால் மட்டும் ஒரு படி கூட்டவும். வெப்பநிலை, ஈரப்பதன், ஒளி ஆகியவற்றையும் அளக்கும் உணரியானால், அவற்றை அனுப்பும் இடைவெளியைப் பத்து நிமிடத்துக்கோ அதற்கு மேலோ நீட்டவும். ஈரப்பதன் அரைச் சதவீதம் மாறியதை அறிந்து எவருக்கும் பயனில்லை.

படி 7: சோதித்தல்

இரண்டு சோதனைகள் போதும். ஆனால் இரண்டையும் செய்தே ஆக வேண்டும். முதலாவது, ஆளுள்ள சோதனை. வழக்கமான இடத்தில், வழக்கமான கதிரையில், வழக்கமான உடையில் இருபது நிமிடம் அசையாமல் அமர்ந்திருங்கள். இதை நான் அம்மாவைக் கொண்டு செய்தேன். அவர் செபமாலையை விரலால் உருட்டியபடி அமர்ந்திருக்க, நான் வெளியே விறாந்தையில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் நிமிடத்தில் ஒரு முறை "ஆளில்லை" என்று விழுந்து, சில செக்கனில் மீண்டும் "ஆள் உண்டு" என்று வந்தது. உணரியை அவருடைய பாய்க்கு நேராகத் திருப்பியதும் அதுவும் நின்றது.

இரண்டாவது, ஆளில்லாத சோதனை. இதனைப் பலர் செய்வதில்லை. பற்றரியின் ஆயுளைத் தீர்மானிப்பதோ இதுதான். விசிறியை ஒவ்வொரு வேகத்திலும் அரை மணித்தியாலம் சுழலவிட்டு, யன்னலைத் திறந்து வைத்து, அறையைப் பூட்டிவிட்டு, மென்பொருளின் பதிவேட்டில் ஒரு "ஆள் உண்டு" கூட விழவில்லை என்பதை உறுதிசெய்யவும். விழுந்தால் படி 5க்குத் திரும்பவும்.

படி 8: தன்னியக்க விதிகள்

"ஆள் உண்டு, வெளிச்சம் போதாது" என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் மின்குமிழ் எரியட்டும். இரவு பத்து மணிக்குப் பின் குளியலறைக்குப் போகும் வழியில் பத்து வீத வெளிச்சமே போதும். அரைத் தூக்கத்தில் எழும்பும் வயோதிபரின் கண் கூசி, அவர் தடுமாறக் கூடாது.

விதி எழுதுவோர் அடிக்கடி தவறும் இடம் ஒன்றுண்டு. உணரியுடன் தொடர்பு அறுந்தால் அதன் நிலை "தெரியாது" என்று மாறும். அதனை "ஆளில்லை" என்று எடுத்துக்கொள்ளும்படி விதி அமைந்தால், மின்சாரம் நின்று வரும்போது ஆளிருக்கும் அறையே இருளும். ஆகவே "ஆள் உண்டு" என்பதிலிருந்து "ஆளில்லை" என்பதற்கு மாறினால் மட்டுமே அணைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதவும். இன்னொன்று: சிக்பீக் கருவிகளைக் கணினியுடன் இணைக்கும் சிக்பீ2எம்.கியூ.ரி.ரி. மென்பொருள், பற்றரிக் கருவி ஒன்று பேசாமல் விட்டால், தொடர்புக் கண்காணிப்பை இயக்கியிருந்தாலும், இயல்பு அமைப்பின்படி 25 மணித்தியாலத்துக்குப் பிறகே அதனைத் தொடர்பற்றதாக அறிவிக்கும். அதுவரை பழைய நிலையே திரையில் நிற்கும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, தாயோ தகப்பனோ தனியே இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன. "காலை எட்டு மணியாகியும் குளியலறைப் பக்கம் ஆள் வரவில்லை" என்றொரு செய்தி கைத்தொலைபேசிக்கு வருமாறு அமைப்பது பயனுள்ளதுதான். ஆனால் அந்தச் செய்தி வராததை வைத்து எல்லாம் நலம் என்று முடிவெடுக்க முடியாது. பற்றரி தீர்ந்தும் இருக்கலாம். உணரி கடைசியாகப் பேசிய நேரத்தைத் தனியே கண்காணித்து, ஆறு மணித்தியாலம் கடந்தால் அதற்கும் ஒரு செய்தி வரச் செய்யவும். பக்கத்து வீட்டாரின் தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கட்டும். பெற்றோருக்குச் சொல்லாமல் இதனைப் பொருத்தவே கூடாது. இதில் கமரா இல்லை என்றாலும், அவர்கள் எப்போது எழும்புகிறார்கள், எத்தனை முறை குளியலறைக்குப் போகிறார்கள் என்பது முழுவதும் பதிவாகும். அது அவர்களுடைய சொந்த விடயம்.

படி 9: பற்றரியைப் பராமரித்தல்

லிதியம் பொத்தான் பற்றரியின் வோல்ற் அளவு நெடுங்காலம் ஒரே மட்டத்தில் நின்று, முடிவில் சட்டென்று விழும். திரையில் காட்டும் சதவீதத்தை அதனால் அப்படியே நம்ப முடியாது. 20 வீதம் என்று காட்டத் தொடங்கினால் மாற்றிவிடுவது நல்லது. இரண்டு பற்றரி உள்ள கருவியில் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. கடலுக்கு அண்மையான வீடுகளில் உப்புக்காற்று உலோகத் தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடவும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பற்றரி மிக ஆபத்தானது. விழுங்கிய பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அங்குள்ள தசையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், 1990 அம்பியுலன்ஸை அழைத்து அல்லது கிடைத்த வாகனத்தில் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும். மூடி திருகாணியால் பூட்டப்படும் உணரியையே அத்தகைய வீட்டுக்கு வாங்கவும்.

தீர்ந்த பற்றரியைக் குப்பையுடன் வளவில் எரிக்கவோ புதைக்கவோ கூடாது. எரித்தால் வெடிக்கும், புதைத்தால், சுண்ணாம்புக்கல் நிலத்தின் வெடிப்புகளால் இறங்கும் மழைநீருடன் அதன் கழிவு நாங்கள் குடிக்கும் கிணற்று நீரைத்தான் சேரும். இரு முகங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்கவும். புதிய பற்றரி போட்ட திகதியை ஒரு சிறிய தாளில் எழுதி, உணரியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது, எத்தனை மாதம் நின்றது என்பதை அந்தத் தாள் காட்டும்.